நீலச் செருப்பு

அக்கா,

நேரில் சொன்னால் கிண்டலடித்துத் தப்பிவிடுவாய். அதனால் இதை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

அப்பா விட்டுப்போன கடனை உன் தையல் கூலியிலேயே அடைத்தாய். பிடித்த செருப்பைக் கடையில் போட்டு நடந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருவதுதான் இத்தனை வருடமும் உன் ஷாப்பிங். என் கல்லூரிக் கட்டணம் மட்டும் ஒருமுறைகூடத் தாமதமானதில்லை.

கடன் தீர்ந்ததும் நேற்று இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். "என்னம்மா, இன்னைக்கும் நடைப்பயிற்சியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே, வாங்கத்தான் வந்தேன்!"

அப்படிச் சொல்லியும், பழக்கத்தில், போட்டு நடந்து பார்த்த நீலச் செருப்பை வாங்காமலே கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாய். பஸ் நிறுத்தத்தில்தான் உறைத்தது. சிரித்தோம். பிறகு, "விடுடி, பழசே நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

விடமாட்டேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் உன்னைப்போல் ஒருத்தி இல்லை. சாயங்காலம் கடைக்கு வா. பழையதை நான் கையில் வைத்துக்கொள்வேன். புதியதிலேயே நீ வீடுவரை நடக்க வேண்டியதுதான்.

உன் தங்கை