தொடர்பு எண்

கோபக்காரத் தம்பிக்கு,

நீ சம்பள வேலைக்குப் போன பிறகு, ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பதும் நான்தான், ஒலியை வெட்டி ஒட்டுவதும் நான்தான். என் இருமலை நானே தேடி அழிப்பது பெரிய தலைவலியடா.

வரிப் பதிவு எண் இல்லாமல் புதிய பதிப்பகம் வேலை தராதாம். நேற்று ஆலோசகரிடம் போனேன். படிவத்தைத் திறந்ததுமே, "தனி ஆளா, கூட்டாம்மா?" என்றார். கூட்டு என்றால் உன் கையெழுத்து வேண்டும். நன்றி கெட்டவன் என்று உன்னைத் திட்டி அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு கேட்பேன்? "தனிதான் சார்" என்றேன். குரல் கரகரத்தது. நீ இருந்திருந்தால் அந்த இடத்தை வெட்டியிருப்பாய்.

அடுத்து போன் நம்பர் கேட்டார். பழக்கதோஷம், உன் எண்ணைச் சொல்லிவிட்டேன். எல்லா வேலைக்கும் அதைத்தானே கொடுத்து வந்தோம்?

"வரி சம்பந்தமான தகவலெல்லாம் இனிமே இதுக்குத்தான் வரும். உங்க நம்பர்தானே?"

அப்போதுதான் உறைத்தது. ஆனாலும், "எங்க வீட்டு நம்பர்தான் சார்" என்றேன்.

ஆகவே குறுஞ்செய்தி வந்தால் பயப்படாதே. கெடு தேதி நெருங்கினால் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல். அதற்கு முன்னாலேயே போட்டாலும் எடுப்பேன்.

அக்கா