அம்மாவின் உயரம் என்ன?

மார்ச் 4

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். ஃபோனில் பேசினால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன். நம் மகளைக் கைப்பந்து விடுதியில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் இருவரின் உயரத்தையும் கேட்கிறார்கள். அதை வைத்து அவள் எவ்வளவு வளர்வாள் என்று கணக்குப் போடுவார்களாம். என்னுடைய ஐந்தடி பத்தைச் சொல்லிவிட்டேன். உன்னுடையதைக் கேட்டதும் விழித்தேன். "பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க, சம்சாரத்தோட உயரம் தெரியாதா சார்?" என்று பயிற்சியாளர் சிரித்தார்.

"அவ அம்மா குள்ளச்சி. ரத்தம் எங்க போகும்? இவளும் அதோட நின்னுடுவா" என்கிறாள் என் அக்கா. ஐந்தடி மூன்று என்று சொல்லிவிடட்டுமா? யாரும் உன்னை அளக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

மார்ச் 11

வாலுவின் அப்பாவுக்கு,

நான்கடி பத்து. அதையே சொல்லுங்கள். உங்கள் அக்கா தினமும் நினைவூட்டியதால் எனக்கு மறக்கவில்லை.

கூடவே இதையும் சொல்லுங்கள். நான் வளரும் வயதில் அப்பாவின் ஆலை மூடிக்கிடந்தது. வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். ஆலை திறந்தபின் பிறந்த என் கடைசித் தங்கை ஐந்தடி ஆறு. அதே அப்பா, அதே அம்மா. அவள் முக்காலி போடாமல் நம் வீட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது, "இவ உன் தங்கச்சிதானா?" என்று நீங்களே கேட்டீர்கள்.

வாலு காலையில் என்ன சாப்பிடுகிறாள்?

அவள் அம்மா

மார்ச் 25

வாலுவின் அம்மாவுக்கு,

பயிற்சியாளரிடம் அப்படியே சொன்னேன். "அப்ப அம்மா உயரத்த வச்சுக் கணக்குப் போட முடியாது" என்றார். பிறகு நீ கேட்டதையே அவரும் கேட்டார். முதல் பஸ்ஸை எடுக்க நான் இருட்டோடு கிளம்பிவிடுகிறேன். அக்கா எழுவதற்குள் அவள் கடை பன்னோடு பள்ளிக்கு ஓடுகிறாளாம். பாதி நாள் அதுவும் இல்லையாம். பரிசோதனையில் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. "தகப்பன் நெட்டையா இருந்து என்ன சார் புண்ணியம்? வளர்ற எலும்புக்குச் சோறு வேணாமா?" என்றார். இந்த வருஷம் சேர்க்கவில்லை, அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்களாம்.

ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். டிப்போவில் முடியாது என்றுவிட்டார்கள். நீ வந்துவிட்டால் எல்லாம் சரியாகும். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலுவின் அப்பா

ஏப்ரல் 2

வாலுவின் அப்பாவுக்கு,

அக்காவைப் பார்த்துக்கொள்வதாகப் பத்து வருஷம் சொன்னீர்கள். நான் வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை.

அவளை இங்கே அனுப்புங்கள். தையல் வேலைக்கு நான் ஒன்பதுக்குப் போனால் போதும். பள்ளிக்கூடம் எதிரிலேயே இருக்கிறது, மைதானத்தில் வலை கட்டியிருக்கிறார்கள். அப்பாவோடுதான் இருப்பேன் என்று அன்று அவள் அழுததால்தான் விட்டுவந்தேன். இப்போது நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அவள் அம்மா

ஏப்ரல் 19

வாலுவின் அம்மாவுக்கு,

சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அங்க போனா உன் உயரம் வருமாப்பா எனக்கு?" என்றாள். "வரும். இங்கயே இருந்தா வராது" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கிளம்பியிருக்க மாட்டாள்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஓட்டுநர் எனக்குத் தெரிந்தவர். சைக்கிள் மேலே இருக்கும், இறக்க ஆள் வைத்துக்கொள். மாத்திரை பையின் பக்கவாட்டில் இருக்கிறது. பால் ஆறியிருந்தால் குடிப்பாள், ஏடு மிதந்தால் தொடமாட்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாலுவின் அப்பா