சுவருக்குள் இருமல்

மாப்ள,

இன்று காலை என் கிணற்றின் அடியில் பீடி வாசனை வந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு பொங்கல் கடந்துவிட்டது. உன் கிணற்றின் வாயை, உன்னைக் கட்டிய என் தங்கை முள் வெட்டிப் போட்டு மூடிவிட்டாள். அங்கே பீடி குடிக்க யாரும் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் மழையே இல்லாமல் போன அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் உன் கிணறு, இந்தப் பக்கம் என்னுடையது. சைடு போர் போட நீ ஆள் கூட்டிவந்தாய். கிணற்றின் அடியிலிருந்து பாறைக்குள் படுக்கைவாட்டில் துளை போட்டார்கள். எந்தத் திசையில் போகிறது என்று கேட்டேன். "கெழக்கால, மச்சான்" என்றாய். என் கிணறு இருப்பது உனக்கு மேற்கே.

சீக்கிரமே என் தண்ணீர் இறங்கியது. உன் மோட்டார் ஓடினால் இறங்கும். கரண்ட் போனால் யாரும் தொடாமலே மெல்ல ஏறும். தூங்குகிறவனின் மார்பைப் போல இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கே பயம்.

ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். "ஓந் தண்ணி ஓங் கெணத்துல, எந் தண்ணி எங் கெணத்துல. தண்ணியில யாரு பேரு எழுதியிருக்கு?" என்றாய். கூட்டம் சிரித்தது. பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, யாரும் மொண்டுகொள்ளலாம் என்று அவர்களுக்கு எண்ணம். ஆறெல்லாம் கிடையாது. மேலே மக்கிய பாறை, ஈர மணலைப் போல மழையைப் பிடித்துவைக்கும். அதற்குக் கீழே கெட்டிக் கல். கல்லின் விரிசல்களில் அந்தத் தண்ணீர் நிற்கும். விரிசல்கள் சேர்ந்திருந்தால் இரண்டு கிணற்றுக்கும் இருப்பு ஒன்றுதான். வெட்டும்போது பார்த்ததையும் நூலகத்தில் படித்ததையும் வைத்துச் சொன்னேன். "மச்சானுக்கு வாத்தியார் வேலை போட்டுக் குடுங்கப்பா" என்றாய். அன்றோடு பேச்சு நின்றது.

சித்திரையில் சேறு அள்ள நான் தனியாக இறங்கினேன். தண்ணீர் வற்றியதில் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பிறகு பீடி வாசனை. பிறகு சுவர் இருமியது. உன் இருமல். நீயும் உன் கிணற்றின் அடியில்தான் நின்றிருக்கிறாய்.

"மாப்ள" என்றேன், கல்லைப் பார்த்து.

இருமல் நின்றது. "யாரு?"

"நாந்தான். கெழக்கால போன தொளை இங்கன வந்து மூச்சு விடுது. ஒத்துக்க."

பீடியைக் கல்லில் தேய்த்து அணைக்கும் சத்தம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல, மச்சான்" என்றது கல்.

நீ எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். நீ போனதும் உன் மோட்டார் நின்றது. ஒரு ஐப்பசி மழையில் என் தண்ணீர் ஏறி, அந்த விரிசலை மூடி நின்றது. நான் சொன்னது சரி என்று ஊரே பார்த்தது. பார்க்க வேண்டிய நீ மட்டும்தான் இல்லை.

இப்போது விரிசல் தெரியும்வரை மோட்டாரை ஓடவிடுகிறேன். தண்ணீர் உன் வயலுக்குத்தான் போகிறது. "ஏண்ணே, எங் காட்டுக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்று தங்கை கேட்கிறாள். "எந் தண்ணி. நான் பாச்சுறேன்" என்கிறேன். அதில் மாற்றமில்லை.

இன்றும் கல்லில் வாயை வைத்து, "ஒத்துக்க மாப்ள" என்றேன். பீடி வாசனை வந்தது. இருமல் வரவில்லை. கல்லில் வைத்த காது மரத்துப்போகும்வரை நின்றேன்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் போ. கேட்கவில்லை என்றாவது சொல்.