வீட்டில் உடுத்துகிற பட்டு

அக்கா,

நீங்கள் கண்மூடி ஒரு மாதம். போன சனிக்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்து தந்த பெட்டி இன்னும் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. பூச்சி உருண்டை மணம் வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற என் சின்ன அப்பார்ட்மென்ட் முழுவதும் ஏறிவிட்டது. சன்னலைத் திறந்துவிட்டும் போகவில்லை. உள்ளே உங்கள் கிமோனோ. கருநீலப் பட்டில் வெள்ளை அம்புச் சிறகுகள். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ அன்ரி" என்றாள். ஏன் எனக்கு என்று கேட்க வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள் நான், உங்களுக்குத் தெரியும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்த காலம். நீங்கள் பதினாலாம் மாடி, நான் ஒன்பது. ஒரு வயதான யப்பானிய அம்மாவுக்குக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்துவிட்டு வருவது உங்கள் வேலை. அவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் தாயார் உடுத்திய இந்தக் கிமோனோவை உங்கள் கையில் கொடுத்தாராம். எலிவேற்றரில் வைத்தே பையைத் திறந்து காட்டினீர்கள். எவ்வளவு பழையது என்பதல்ல உங்களுக்கு அதிசயம். "இது கலியாணத்துக்கு உடுத்துற பட்டில்லையாம். கடைக்குப் போக, வீட்டில சும்மா இருக்க உடுத்துறதாம். பட்டில அப்பிடியும் ஒண்டிருக்குப் பார்" என்றீர்கள். எனக்கு அது விளங்கவேயில்லை. எங்களுக்குப் பட்டென்றால் கலியாணவீடு, கோயில், அதற்குப் பிறகு அலுமாரி. என்னுடைய பட்டுச் சேலைகள் வருடக் கணக்காக வெளிச்சம் பார்க்கவில்லை.

நீங்கள் அதை உடுத்தத் தொடங்கினீர்கள். ஞாயிறு காலையில் பல்கனியில் கதிரையைப் போட்டு, கிமோனோவோடு பால் விடாத பிளேன்ரீ குடிப்பீர்களாம். இடப்பக்கம் மேலே வரவேண்டும், மாறி உடுத்தினால் அது செத்தவர்களுக்கு உடுத்துகிற முறை என்று அந்த அம்மா சொல்லித் தந்ததை எனக்கும் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் கவனித்தேன். கவனித்து, அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இப்போது எழுதிவிடுகிறேன். பொறாமைதான் அக்கா, வேறென்ன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல் உங்கள் கதவைத் தட்டினேன். வந்தவர்களில் ஒருத்தியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீட்டுக்குக் கார்ட் கொடுக்க வந்தோம். நீங்கள் யாரென்றும் பார்க்காமல் உடனே திறந்தீர்கள். கிமோனோவோடு நின்றீர்கள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு பிசாசு எழும்பியது.

"என்னக்கா, பட்டுடுத்தி நிக்கிறியள். ஆர் பாக்க?"

உங்கள் கணவர் தவறி அப்போது ஏழு வருடம். அப்படி ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. "வாங்கோ, இருங்கோ" என்றுவிட்டு உள்ளே போய், வீட்டில் போடுகிற பழைய கவுன், அந்தச் சோட்டியைப் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினீர்கள். கதை அந்தக் கிழமையே மாடி மாடியாக ஏறி இறங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நீங்கள்.

அதற்குப் பிறகு கிமோனோவை நான் காணவில்லை. நானும் கேட்கவில்லை. யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் வாய்த்தது. கேட்டால் நான் சொன்னது உங்களைச் சுட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று மாறியது. நான் எப்போது வந்து தட்டினாலும் நீங்கள் கதவு திறக்கச் சுணங்குவீர்கள். உள்ளே நடமாடுவது கேட்கும், கதவு மட்டும் திறக்காது. எனக்குப் பொறுமை ஏது? "கதவு திறக்க இவ்வளவு நேரமோ அக்கா?" என்று ஒவ்வொரு முறையும் சினப்பேன். நீங்களும் ஒவ்வொரு முறையும் "கால் நோ பிள்ளை" என்பீர்கள். ஒரு தரம் கால்வலிக்கு எண்ணெய்கூட வாங்கிவந்து தந்தேன். நன்றி சொல்லி வாங்கி வைத்தீர்கள்.

சனிக்கிழமை உங்கள் மகளிடம், அம்மா இதைப் பிறகு உடுத்தவில்லைத்தானே என்று கேட்டேன். "இல்ல அன்ரி, எவ்ரி சண்டே போடுவா. டோருக்குச் செயினைப் போட்டு, கேர்ட்டினையும் இழுத்துவிட்டிட்டுத்தான் போடுவா. ஆரும் தட்டினா ஓடிப்போய்ச் சேஞ்ச் பண்ணுவா. ஷீ வாஸ் ஸோ ஃபனி" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கால் நோ எப்படி என்று நான் கேட்டேன். "அம்மாக்குக் காலில ஒண்டும் இல்லையே" என்றாள்.

இத்தனை வருடம், பல்கனியும் இல்லாமல், இருட்டறையில் வைத்து உடுத்தியிருக்கிறீர்கள். நான்தான் திரையை இழுத்துவிட்டவள்.

இன்று காலை அதை எடுத்து உடுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் மேலே. நான் நினைத்ததைவிட லேசான பட்டு, உடம்பில் இருப்பதே தெரியவில்லை. உங்களைப் போலவே பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு சன்னலடியில் இருந்தேன். யாருக்குக் காட்ட என்ற கேள்வி ஒருக்காலும் வரவில்லை. அரைக் கோப்பை குடித்திருப்பேன், கதவைத் தட்டினார்கள்.

இப்படியே போய்த் திறக்கவேண்டும் என்றுதான் எழும்பினேன், சத்தியமாக. கால் அறைப்பக்கம் திரும்பிவிட்டது. இடுப்புப் பட்டியின் முடிச்சு அவிழவில்லை. பிறகு உள் நாடா. கழற்றி, கசங்காமல் மடித்து, சோட்டியைத் தேடிப் போட்டு, தலையைக் கோதிக்கொண்டு வந்தேன். நான் வெளியே நின்று சினந்த நேரமெல்லாம் உள்ளே நீங்கள் செய்தது இவ்வளவும்.

கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. "என்னக்கா, திறக்க இவ்வளவு நேரம்?" என்றாள்.

"கால் நோ" என்றேன்.