சிவப்புப் புள்ளி வைத்த பெட்டிகள்

ஜனவரி 19, திங்கள்

என் கம்ப்யூட்டர் கடையில் நிற்கிற தம்பி ஷிஃபான் கொழும்பிலிருந்து மாதிரிக்கு ஒரு மெயின்போர்ட் கொண்டுவந்தான். ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் வைத்துவிடலாம். புரொசஸர் எங்கே என்று தேடினேன். போர்டோடு சேர்த்தே பற்றவைத்து வருகிறதாம், கழற்ற முடியாதாம். ஃபேன் கிடையாது. மேலே சீப்புப் பல் மாதிரி ஓர் அலுமினியத் துண்டு, அவ்வளவுதான்.

"ஆறு வாட் ராத்தா" என்றான், பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல.

"ஆறு வாட்ல கம்ப்யூட்டர் ஓடுமா? நம்ம குளியலறை பல்புக்கே ஒன்பது."

"ஓட்டித்தான் பாருங்களேன்."

ஓட்டினேன். ஓடுகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் இந்த 'குறைந்த மின்சாரம்' வகையறா முதலில் வந்தபோது ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். இதுவோ அந்நாளில் நான் விற்ற அறுபத்தைந்து வாட் பெட்டிக்கு ஈடாக நிற்கிறது. எங்கேயோ ஏமாற்று இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

ப்ளக்கில் மீட்டர் மாட்டி அளந்தேன். சும்மா இருக்கும்போது எட்டு. வேலை கொடுத்தால் இருபத்திரண்டு! ஆறாம், ஆறு.

ஷிஃபானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அசையவில்லை அவன். "அந்த ஆறு சூட்டுக் கணக்கு ராத்தா, ப்ளக் கணக்கு இல்ல. கொஞ்ச நேரம் பாயும், பொறகு அடங்கிரும். சூடு ஏறினா தானாவே வேகத்தக் குறைச்சுக்கும்."

தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரிதான். எல்லாக் கம்பனியும் இப்போது இந்தப் பக்கம்தான் ஓடுகிறது. சின்ன போர்ட், பற்றவைத்த புரொசஸர், ஃபேன் இல்லாத பெட்டி. ஃபோனுக்குள் இருக்கிற இனத்துப் புரொசஸர்கூட மெயின்போர்டுக்கு வரத் தொடங்கிவிட்டதாம். புரொசஸர் போனால் போர்டே போச்சு, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைக்கும். நல்ல சாக்கு. பழுதான சாமானுக்கும் இதையே சொல்லலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் கணினி வகுப்பு நடத்துகிற ஜெனிஸ்டா வந்திருந்தாள். பன்னிரண்டு பெட்டி வேண்டும். அங்கே கரண்ட் வருவதும் போவதும் அதனிஷ்டம். கோயில் கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள். பெரிய பெட்டிகளை அது தாங்காது. மார்ச் ஏழாம் திகதி பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒன்லைன் பரீட்சை, பாஸ் பண்ணினால் கண்டியில் வேலை. "கொழுந்து பறிக்கப் போகாம இருக்க அவங்களுக்கு இது ஒண்ணுதான் அக்கா" என்றாள்.

ஆறு வாட் பெட்டிதான் வழி என்று ஷிஃபான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

பன்னிரண்டு போர்டும் வந்தன. நான்கு அட்டைப்பெட்டிகளில் டேப் வெட்டி மறுபடி ஒட்டியிருக்கிறது. "கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாத்திருப்பாங்க" என்றான். பார்த்திருப்பார்களாம். பன்னிரண்டில் நான்கை மட்டும்?

அவன் என் உம்மாவின் தங்கச்சி, சாச்சியின் மகன். பத்து வருடமாக என்னோடு கடையில் நிற்கிறான். போர்டுகளைப் பெட்டிக்குள் பூட்டி, வழக்கம்போல ஒவ்வொரு பெட்டியின் ஸ்குருத் தலையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். யாராவது திறந்தால் புள்ளி உடையும். தொழுகைக்கு ஆகாதென்று நான் நகத்தில் பூசியதே இல்லை, ஆனால் மாத்தளையில் என்னளவு நகப்பூச்சு வாங்குகிற பெண் இருக்கமாட்டாள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

உறைகள் தைத்து முடித்தேன். பன்னிரண்டு. பச்சைத் திரைச்சீலைத் துணி, நல்ல கனம், ஓரத்தில் கடையின் பெயர். இந்தக் கடையிலிருந்து உறை இல்லாமல் ஒரு கணினியும் வெளியே போனதில்லை. மற்றவர்களின் உறையை ஓடும்போது கழற்ற வேண்டும். என்னுடையது அப்படி இல்லை. முன்னும் பின்னும் திறந்து, மேலும் பக்கமும் மூடியிருக்கும். ஓடும்போதும் போட்டுக்கொள்ளலாம். அந்த வெட்டு என் சொந்த யோசனை.

ஷிஃபான் எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்கு ராத்தா உறை? ஃபேனே இல்ல, தூசு உள்ள போக வழியே இல்லையே" என்றான்.

என் தையல் அவனுக்கு இளக்காரமாகப் போய்விட்டது. புதுச் சாமான் கொண்டுவந்த பெருமை. உறைகளை மடித்து வைத்தேன்.

பெப்ரவரி 11, புதன்

பன்னிரண்டையும் நாள் முழுக்க ஓட்டிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. நாளை ஷிஃபான் தன் த்ரீவீலில் கொண்டுபோய் மாட்டுவான்.

பெப்ரவரி 16, திங்கள்

ஜெனிஸ்டாவின் ஃபோன். "அக்கா, முதல் அரை மணி நேரம் பறக்குது. பொறகு எறும்பு மாதிரி ஊருது. நாலு பெட்டி அப்படியே நின்னுருச்சு."

நாலு. டேப் வெட்டின பெட்டிகளும் நாலு.

பெப்ரவரி 18, புதன்

நின்றுபோன நான்கையும் ஷிஃபான் எடுத்துவந்தான். மேசையில் வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினேன். பறக்கின்றன! ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. இது எப்படி? அங்கே நொண்டுகிறது, இங்கே ஓடுகிறது. நடுவில் இருப்பது அவனும் அவனுடைய த்ரீவீலும் மட்டும்.

புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. ஆனால் நகப்பூச்சுப் போத்தல் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும்தானே.

பெப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. வருடாவருடம் முதல் நோன்பு திறக்க ஷிஃபான் என் வீட்டுக்குத்தான் வருவான். வந்தான். கஞ்சி இரண்டு கோப்பை குடித்தான். நடுவில் ஃபோன் வந்தது, எழுந்து வெளியே போய்ப் பேசினான். "யாரு?" என்றேன். "ஒண்டுமில்ல ராத்தா, கூட்டாளி" என்றான்.

கூட்டாளியோடு பேச வாசலுக்குப் போவானேன்?

பெப்ரவரி 24, செவ்வாய்

அந்த நான்கையும் ஷிஃபான் திருப்பி மாட்டிவிட்டு வந்திருந்தான். மறுபடி ஃபோன். இந்த முறை ஏழு பெட்டி. ஜெனிஸ்டா அழவில்லை, ஆனால் குரல் அதற்குப் பக்கத்தில் இருந்தது. "பிள்ளைங்க பழைய வினாத்தாள் செஞ்சு பாக்கக்கூட முடியல அக்கா. ஃபாதர் வேற கடையில பாப்போமாங்கிறாரு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல போர்டைக் காட்டிச் சோதிக்கவைக்கிறான். பிறகு அதை எடுத்துவிட்டுப் பழுதானதைப் போடுகிறான். நான் கேட்டால் நல்லதைத் திருப்பி மாட்டிக் கொண்டுவருகிறான். இதைத் தவிர வேறு விதமாக யோசிக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தேன், அல்லாஹ் அறிவான், யோசித்துத்தான் பார்த்தேன்.

பெப்ரவரி 26, வியாழன்

கேட்டுவிட்டேன்.

காலையில் கடை திறந்ததும் கேட்டேன். "ஷிஃபான், நல்ல போர்டெல்லாம் எங்க வெச்சிருக்க?"

விளங்காதவன் மாதிரி நின்றான். நான் முழுக்கச் சொன்னேன். டேப், நாலு பெட்டி, த்ரீவீல், நகப்பூச்சு, வாசலில் பேசின ஃபோன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஏறிவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போனது. மாட்டிக்கொண்டவன் முகம் அப்படித்தான் இருக்கும்... இல்லையா?

சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். "நோன்போட நிக்கிறேன் ராத்தா. ஒண்டும் கதைக்க மாட்டேன்."

போய்விட்டான். குற்றம் இல்லாதவன் சண்டை போட்டிருக்க மாட்டானா? ஏன் போடவில்லை? ஏன்டா ஒரு வார்த்தை பேசல?

மார்ச் 1, ஞாயிறு

கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாவி மேசையிலேயே கிடக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

நானே தோட்டத்துக்குப் போனேன். ரத்தோட்டை வரை பஸ், மீதி ஏற்றம் கோயில் வேனில். பையில் ஸ்குரு ட்ரைவரும் நகப்பூச்சும். கையும் களவுமாகப் பிடிக்கிற உறுதியில் இருந்தேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பெட்டிகள், பன்னிரண்டு பச்சை உறைகள். வரிசையாக அழகாக இருந்தது. முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. எழுதத்தான் வேண்டும், பெருமைதான் வந்தது.

ஸ்குருவைப் பார்க்க முதல் பெட்டியின் உறைக்குள் கையை விட்டேன். சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சிப் பானை மாதிரி. உறையை உருவினேன். புள்ளிகள் அப்படியே இருந்தன, நான் வைத்த அதே கோணல் புள்ளிகள். ஏதோ செய்ய வேண்டுமே என்று உறையை மடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டிக்காரப் பிள்ளை சொன்னாள்: "டீச்சர், இது சரியாயிருச்சு!"

மற்றப் பதினொன்றையும் நானே உருவினேன். ஒவ்வொன்றாகச் சரியாகின.

பழைய பெட்டிக்கு ஃபேன் உண்டு. முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் விடும். அதற்காக வெட்டின உறை என்னுடையது. இதற்கு ஃபேன் இல்லை. மேலே இருக்கிற அந்தச் சீப்புப் பல்தான் ஃபேன். அதன் தலையில் கனத்த திரைச்சீலையைப் போர்த்தியது நான். சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைக்கும் என்று இதே டயரிக் கொப்பியில் எழுதி வைத்ததும் நான். கடையில் சோதித்தபோதெல்லாம் உறை இல்லை. வகுப்பில்லாத நாளில் மாட்டிவிட்டு வந்தவனுக்கும், அணைத்த பெட்டியைத் தூக்கி வந்தவனுக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

கோயிலைக் கூட்டித் துடைக்கிற சவரியம்மா வந்து உறைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அழுக்கா இருக்கா மேடம்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தொவச்சு வெயில்ல போட்டுத்தானே எடுக்குறேன். நீங்க கையால தச்சதுன்னு டீச்சர் சொன்னாங்க. அதனால ஒரு நாளும் கழட்ட விடல."

அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? நல்லாத்தான் இருக்கு, ஆனா இனி வேண்டாம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நோன்பு வாயோடு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். ஜெனிஸ்டா பயந்துபோய், "பரவால்ல அக்கா, சரியாயிடுச்சே" என்றாள்.

சரியாயிடுச்சா?

மார்ச் 4, புதன்

கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு சாச்சி வீட்டுக்குப் போனேன். ஷிஃபான் இல்லை. குருநாகலில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டானாம். நேற்றுத்தான் போனானாம். பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், ராத்தாவைத் தனியாக விட்டு வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம்.

வாசலில் பேசின ஃபோன்.

"பிழை என்னுடையது சாச்சி" என்றேன். "அவன் ஒண்டுமே சொல்லல்லயே மகள், என்ன பிழை?" என்று கேட்டார். அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நானே சொன்னேன், ஒன்றையும் விடாமல். சாச்சி கஞ்சிச் சட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

மார்ச் 7, சனி

பரீட்சை முடிந்ததாம். ஒரு பெட்டியும் நிற்கவில்லையாம். ஷிஃபானுக்கு எழுதினேன்: 'மாஃப் கேட்கிறேன் தம்பி. உறைதான் காரணம். நீ அன்றைக்கே வேண்டாம் என்றாய்.' இரண்டு நீலக் கோடு விழுந்தது, வாசித்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 21, சனி

பெருநாள். ஷிஃபான் வரவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

பன்னிரண்டில் ஒன்பது பேர் பாஸ். ஜெனிஸ்டா வெள்ளிக்கிழமையே தொதல் இனிப்போடு வந்து சொன்னாள். கோயிலுக்கு இன்னும் நான்கு பெட்டி வேண்டுமாம். அந்த போர்ட் மாத்தளையில் யாரிடமும் இல்லை. குருநாகலில் ஷிஃபானின் கடையில் இருக்கும். மூன்று நாள் யோசித்து, ஓடர் கொடுக்கிற மாதிரி ஷிஃபானுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'அனுப்புறேன்' என்று ஒரு சொல் வந்தது. கூடவே 'ராத்தா' என்ற சொல் இல்லை.

மே 5, செவ்வாய்

குருநாகல் பஸ்ஸில் பார்சல் வந்தது. நான்கு பெட்டி, மாட்டி முடித்தே அனுப்பியிருக்கிறான். எல்லா ஸ்குருத் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு. என்னுடையதைப் போல் கோணல் இல்லை, ஒவ்வொன்றும் நேராக, நிறுத்தி நிதானமாக வைத்த புள்ளி.

குத்திக் காட்டுகிறானா, என் மனசுக்காக வைத்தானா? பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கலாம். கேட்கமாட்டேன்.

திறந்து பார்க்கவில்லை. மீட்டர் மாட்டவில்லை. உறையும் தைக்கவில்லை. வந்தபடியே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.