கீழ்வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆறு ஃபைல்கள்

மார்ச் 6, 2023, திங்கள்

ஒரு திருத்தம். என் கணவர் நஸ்ரியைத் தரைத்தளத்தில் தங்கைக்காரியிடம் தள்ளிவிட்டு நான் நான்காவது மாடியில் காலை நீட்டிக்கொண்டிருந்தேன் என்று இரண்டாம் மாடி ஜமீலே காப்பிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தவறு. லிஃப்ட் நின்று இரண்டு வருடம் ஆகிறது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் எண்பத்தாறு படி ஏற முடியவில்லை. அதனால் கீழே தன் தங்கை வதாத் வீட்டில் தங்கினார். நான் தினமும் இரண்டு முறை இறங்கி ஏறினேன், எழுபத்தெட்டு வயதில். ஜமீலே தன் வீட்டுக் குப்பைப் பையைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் இறக்குகிறாள்.

இன்னொன்று. நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லையாம். குரல்வளையை எடுத்துவிட்ட மனிதரோடு எப்படிப் பேசுவது என்று ஜமீலேதான் சொல்ல வேண்டும். நஸ்ரி டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் இன்ஜினியர். தன் பழைய கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கட்டடத்தின் நடுவே காற்றுக்கு விட்ட சந்தின் வழியாக என் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் இழுத்தார். அவருடையதில் ஒரு ஃபோல்டர், பெயர் 'பேச்சு'. அவர் ஒரு ஃபைல் எழுதி எண் போடுவார். நான் மேலிருந்து அதைத் திறந்து படித்து, அடுத்த எண்ணில் பதில் எழுதுவேன்; சில நாள் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு எழுதுவதும் உண்டு. பத்தொன்பது மாதம் இப்படிப் பேசினோம். இந்த அல்-மீனா ஊர் என்ன, லெபனான் முழுவதும் தேடினாலும் எங்களைப்போலப் பேசிய தம்பதி கிடைக்காது.

டிசம்பர் கடைசியில் ஃபோல்டர் திறக்காமல் போயிற்று. ஜனவரி எட்டு அவர் இறந்தார். நாற்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் மட்டும் திடீரென்று திறந்தது. 611 என்னுடையது. அதற்குப் பிறகு 612 முதல் 617 வரை ஆறு ஃபைல்கள், எல்லாம் அவருடையவை, நான் படிக்காதவை. 612-ஐத் தொட்டேன். மின்சாரம் போயிற்று. அன்றிலிருந்து திறக்கவில்லை.

அந்த ஆறையும் படிக்க வேண்டும்.

மார்ச் 7

மொன்றியாலிலிருந்து மகள் மிரேய் பேசினாள். "அம்மா, கீழ போய் அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தக் கூத்து?"

சவ அடக்கத்தன்று வதாத் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அண்ணன் கண்ணை மூடுற வரைக்கும் பக்கத்துல இருந்தது நான்." அவளிடம் போய்க் கேட்பதா? என் கணவரின் எழுத்தைப் படிக்க நான் யாரிடமும் அனுமதி கேட்கிறவள் அல்ல.

மார்ச் 8

துறைமுகத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹித்ர் வந்தார். ஐம்பது வயது, பெரிய வயிறு. நான்கு மாடி ஏறியதும் ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை. அவர் பேசாமலிருந்த அந்த ஐந்து நிமிடம்தான் உருப்படியானது.

"ஹஜ்ஜே, இது எந்தக் காலத்து மெஷினு? மியூசியத்துல குடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க."

"நான் ஹஜ்ஜுக்குப் போன ஹஜ்ஜே இல்ல, கிறிஸ்தவள். மதாம்னு கூப்பிடுங்க. நீங்க வந்தது ரிப்பேருக்கா, துக்கம் விசாரிக்கவா?"

ரௌட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். மூன்றாவது முறையும். இதற்குத்தான் படித்தார் போலிருக்கிறது. பிறகு வைரஸ் என்றார். வைரஸ் இல்லை என்று கம்ப்யூட்டரே சொன்னதும், கேபிளை எலி கடித்திருக்கும் என்றார்.

"எலி கடிச்ச கேபிள் பிப்ரவரியில ஒரு நாள் மட்டும் எப்படி வேலை செஞ்சுது?"

"நல்ல எலியா இருக்கும் மதாம்."

காப்பியை இரண்டு கோப்பை குடித்தார். கீழே போய் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார். கீழே யாரும் போகத் தேவையில்லை என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், தங்கள் தொழிலைத் தவிர.

மார்ச் 9

நானே பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 13

ஐந்து நாளாகப் பட்டியல் போடுகிறேன். என் கம்ப்யூட்டரைப் போட்ட நேரம், வதாத் வீட்டில் மின்சாரம் வந்த நேரம் (சந்தில் எட்டிப் பார்த்தால் அவள் சமையலறை விளக்கு தெரியும்), திரையில் வந்த செய்தி. ஐந்து நாளும் ஒரே செய்தி, பிரெஞ்சில், மரியாதையாக: கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளியில் கணக்குக் கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். விடை தப்பானால் அடிக்க மாட்டார். எந்த வரியில் தப்பு என்று நாமே காட்டும்வரை நிற்க வைப்பார். ஹித்ர் அந்தப் பள்ளியில் படித்திருந்தால் இன்னும் நின்றுகொண்டிருப்பார்.

மார்ச் 15

கண்டுபிடித்துவிட்டேன்!

நஸ்ரியின் குறிப்புப் புத்தகம் ஒன்று அலமாரியில் இருந்தது. அவர் கையெழுத்து: 'நான் 2, ஒதெத் 3.' ஒதெத் நான்தான். ரௌட்டர் 1-ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, தன்னிடம் வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. முதலில் வந்தவருக்கு 2, அடுத்தவருக்கு 3. ரேஷன் கடை வரிசை மாதிரி. மின்சாரம் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அவர் தன்னுடையதை அமைத்திருந்தார். நான் காப்பி போட்ட பிறகுதான் என்னுடையதைப் போடுவேன். ஆகவே எப்போதும் அவர் 2. என் திரையில் அவர் வைத்துக் கொடுத்த ஷார்ட்கட்டும் 2 என்ற எண்ணைத்தான் கூப்பிடுகிறது.

இன்று என் கம்ப்யூட்டரின் எண்ணைப் பார்த்தேன். 2.

இத்தனை நாளும் என் வீட்டுக் கதவை நானே தட்டி, உள்ளே யாரும் இல்லை என்று நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்படி மாறியது? டிசம்பரில் வதாத், எங்கள் தெருவுக்குக் காசுக்கு மின்சாரம் விடும் ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட்டு வேறொருவனிடம் மாறினாள். எனக்கு ஐந்து மணிக்கு மின்சாரம், அவளுக்கு ஆறு மணிக்கு. நான் முந்திவிட்டேன். பிப்ரவரியில் அந்த ஒரு நாள் அபூர்வமாக அரசு மின்சாரம் வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில். அவர் முந்தினார்.

வைரஸும் இல்லை, எலியும் இல்லை. இந்த நாட்டு மின்சாரமும் என் நாத்தனாரின் வாயும்தான். ஹித்ருக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அடேங்கப்பா! கடையில ஒரு நாற்காலி போடறேன், வந்து உக்காருங்க மதாம்" என்றார். அந்தக் கடையில் உட்காருவதா!

நாளை அவள் விளக்கு எரிந்த பிறகு ரௌட்டரை அணைத்துப் போட்டு, கடைசியாக என்னுடையதைப் போடுவேன்.

மார்ச் 16

செய்தேன். கீழ்வீட்டுக் கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது. 'பேச்சு' ஃபோல்டர் பெயரும் தெரிகிறது. தொட்டதும் ஒரு சின்னப் பெட்டி வந்தது: பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன?

பாஸ்வேர்டா? பத்தொன்பது மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

கண்டுபிடிக்க முடியவில்லை என்பது வேறு. உனக்கு அனுமதி இல்லை என்பது வேறு. முதலாவது இயந்திரம் சொல்வது. இரண்டாவதை ஒரு மனுஷி சொல்ல வைத்திருக்கிறாள்.

வதாத் ஆயர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவள். கடிதத்தில் கமா எங்கே என்பது கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் பாஸ்வேர்டு வைக்கத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

மார்ச் 18

அவர் பிறந்த நாள். எங்கள் திருமண நாள். மிரேய். அவர் அம்மா பெயர். எக்ஸ்சேஞ்சின் பழைய எண். எதுவும் இல்லை. வதாத்தின் ஞானஸ்நானப் பெயர், அவள் வளர்த்துச் செத்துப்போன கேனரிப் பறவையின் பெயர். இல்லை. கேனரி பெயர் எனக்கு நினைவிருந்ததே அவளுக்குச் செய்த மரியாதை.

மார்ச் 22

மிரேய் மறுபடி. "அத்தை ஏன் பூட்டணும்? சும்மா பூட்டுவாங்களா? நீ ஏதாவது சொன்னியா?"

"நான் அவகிட்ட மூணு மாசமா ஒரு வார்த்தை பேசல."

"அதுக்கு முன்னாடி?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 27

லெபனானில் இன்று இரண்டு நேரம். கோடை நேரம் என்று கோயில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது, அரசாங்கம் தள்ளவில்லை. நான் கோயில் நேரம். சந்தில் எட்டிப் பார்த்தேன், வதாத் சுவரில் கடிகாரம் அரசாங்க நேரம். இத்தனை வருடம் ஆயரிடம் சம்பளம் வாங்கியவள்!

ஏன் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?

ஏப்ரல் 2, ஞாயிறு

பூசை முடிந்து மண்டபத்தில் தவக்காலச் சாப்பாடு. வதாத் பெரிய அண்டாவில் பருப்பு சூப் கொண்டுவந்திருந்தாள். ஜமீலே ஊற்றிக் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "மதாம் ஒதெத், ஒரு கிண்ணம்? உங்க நாத்தனார் கைப்பக்குவம் ஊருக்கே தெரியும்."

வதாத் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அண்ணிக்கு ஊத்தாத ஜமீலே. பாத்திரம் கழுவின தண்ணியை அவங்க குடிக்க மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். ஃபைல் 402. 'இன்றும் பாத்திரம் கழுவிய தண்ணீரை சூப் என்று கொடுத்தாளா?' எழுதியது நான். எவரிடமும் வாயால் சொன்னதில்லை.

படித்திருக்கிறாள். எல்லாவற்றையும்.

ஏப்ரல் 3

எனக்கு ஞாபக மறதி இல்லை. இருந்திருக்கலாம்.

455: அவள் முழங்கால் முறிகிற சத்தத்தோடு ஜெபம் செய்வது பற்றி. 530: அவளுடைய பிரெஞ்சு பற்றி, ஒரு பக்கம். நடுவில் எத்தனையோ. அவர் குரலில்லாமல் சிரிப்பார் என்பதற்காக எழுதினேன் — முதலில் அதற்காகத்தான். 'சிரித்ததில் தொண்டைக் குழாய் விசிலடித்தது' என்று பதில் வரும். நான் மேலே உட்கார்ந்து சந்தோஷப்படுவேன். அவருக்குத் துணி மாற்றி, குழாயைச் சுத்தம் செய்து, நாலு மணி நேரத்துக்கொரு தரம் எழுந்தவள் அடுத்த அறையில் இருந்தாள்.

598-ல் அவர் எழுதினார்: 'போதும், ஒதெத். அவள் நல்லவள்.'

நான் நிறுத்தினேனா? மிஞ்சினேன். கோபம். என் புருஷன் என்னை விட்டு அவள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஒரு கோபம். 611: 'யாரும் பெண் கேட்டு வராத வீட்டுக்கு என் புருஷனாவது வந்து சேர்ந்தானே, அவள் கொடுத்துவைத்தவள்.'

அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. அப்புறம் ஃபோல்டர் திறக்கவில்லை. இறங்கிப் போனபோதெல்லாம் வதாத் கட்டிலருகே இருந்தாள், அவர் கையில் பேனா நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் கம்ப்யூட்டரை நோக்கி விரலைக் காட்டினார். அணைக்கச் சொல்கிறார் என்று நினைத்து அணைக்கப் போனேன். தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம்!

612-க்குப் பயந்துகொண்டேதான் இத்தனை நாளும் அதைத் திறக்கப் பார்த்தேனா?

ஏப்ரல் 4

எலி என்றார் ஹித்ர். பாவம், நல்ல மனிதர்.

ஏப்ரல் 6

வதாத்துக்கு ஒரு கடிதம் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் அவளுடைய பூட்டைப் பற்றி எட்டு வரி இருந்தது. இரண்டாவதில் நான் நியாயம் பேசினேன். மூன்றாவது நன்றாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன்.

ஏப்ரல் 8, சனி

காலையில் எண்பத்தாறு படி இறங்கி, நான்காவது கடிதத்தை வதாத் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. அதன் நகல்:

வதாத்,

402, 455, 530, 611, நடுவில் உன்னைப் பற்றி உள்ள மற்றவை எல்லாம் நான் எழுதியவை. உன் அண்ணன் முதலில் சிரித்தார், பிறகு என்னை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. ஆகவே கோபத்தை அவர்மேல் வைக்காதே.

சூப்பைப் பற்றி எழுதியது பொய். ருசி தெரியாமல் சொன்னேன். பத்தொன்பது மாதத்தில் உன் வீட்டில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. நீ ஒவ்வொரு நாளும் உட்காரச் சொன்னாய், நான் நின்றுகொண்டே போனேன்.

611-க்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படித்த பள்ளியில் மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. அந்தப் பூட்டைப் போட உனக்கு உரிமை உண்டு. ஆனால் 612 என் 611-க்கு அவர் சொன்ன பதில். நீ அதைப் படித்திருப்பாய். அதை மட்டும் உன் கையாலேயே ஒரு தாளில் எடுத்து எழுதிக் கொடு. என்னைத் திட்டியிருந்தால் திட்டியபடியே, ஒரு சொல்லும் குறைக்காமல். மற்ற ஐந்தும் உனக்கு எழுதியவையாக இருந்தால் உன்னிடமே இருக்கட்டும்.

வாயால் சொல்ல வேண்டாம், படிக்கட்டில் ஜமீலே நிற்பாள். எழுத்தில் பதில் அனுப்பு.

ஒதெத்