அபின் பதிவில் இல்லாத பெயர்

முசலி,
1913 ஓகஸ்ட்

அன்புள்ள தம்பி ஹலீமுக்கு, காக்கா முஹைதீன் எழுதுவது. கொழும்பில் உனக்கும் நசீறாவுக்கும் குழந்தைக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இங்கே மழை இல்லை. குளம் அடி தெரிகிறது. வெள்ளைப் பசு கன்று போட்டது.

வாப்பாவைப் பற்றி உனக்கு எழுதவேண்டாமென்று வாப்பாவே சொன்னார். எழுதுகிறேன். முத்துக்குளிப்புத் தோணியில் கயிறு இழுத்து நொந்த முதுகு இப்போது அவரை நிமிர விடுவதில்லை. முன்பு காலையில் மிளகளவு அபின் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார். நீ பார்த்து வளர்ந்தவன். இன்று அந்த மிளகளவுக்கும் வழியில்லை.

பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே அபின் என்று கவர்ண்மேந்து சட்டம் போட்ட வருஷம் உனக்கு மறந்திருக்காது. ஊர்த் தலைமை விதானையார் பெயர் பதிய வீடு வீடாக வந்தார். அந்தக் கிழமைதான் நசீறாவின் வீட்டார் மன்னாரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வர இருந்தார்கள். "அபின்காரன்ட மகனுக்கு ஆர் பொண்ணு குடுப்பாங்க?" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தாய். வாப்பா வாசற் படலைக்குப் போய், "நான் அதை விட்டுட்டன், விதானையார்" என்றார். உன் கலியாணம் நடந்தது. அதோடு இனிப் புதுப் பெயர் இல்லையென்று பதிவை மூடிவிட்டார்கள்.

இவ்வளவு காலமும் அவரைத் தாங்கியவர் பழைய தோணிக் கூட்டாளி லோறன்ஸ். அவர் பெயர் பதிந்தவர். தன் பங்கில் பாதியை வெற்றிலையில் மடித்துக்கொண்டு வருவார். "கலியாணம் உன்ட மகனுக்கு, சீதனம் குடுக்கிறது நானோ?" என்று வாப்பாவைப் பகிடி பண்ணுவார். போன மாதம் எங்கள் படலையிலேயே அவரைப் பொலிஸ் பிடித்தது. மற்றவருக்குக் கொடுத்த குற்றத்துக்குப் பதிவிலிருந்து அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். இப்போது இரண்டு வீடுகளில் இரண்டு பேர் கிடந்து துடிக்கிறார்கள்.

வாப்பாவின் பெயரைப் பதியச் சொல்லி அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதினேன். கிளாக்கர் வாசித்துவிட்டு, "நல்ல இங்கிலீஷ், காக்கா. ஆனா உங்கட வாப்பாதானே விட்டுட்டன் எண்டு சொன்னவர்?" என்று சிரித்தார். நான் படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை அது. வாப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று பிள்ளைகள் இருவரும் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் துரை யோசிப்பாராம். நான் ஒப்பம் வைத்துவிட்டேன். உன் ஒப்பத்துக்கு இடம் விட்டு, கடதாசியை இதனுடன் அனுப்புகிறேன்.

நீ வேலை பார்க்கிற கந்தோருக்குத் தெரியவரும். மாமனார் முகம் சுழிப்பார். எல்லாம் தெரியும். நேற்று நசீறாவின் பெரியவாப்பா இந்தப் பக்கம் வந்தார். அவர் இருந்த நேரம் முழுவதும் வாப்பா கதிரையில் நிமிர்ந்திருந்து, கொழும்பு மகனைப் பற்றிப் பேசிச் சிரித்தார். அவர் படலை தாண்டியதும் வாப்பா விழுந்தார். சத்தம் வெளியே போகாமல் சால்வையைக் கடித்துக்கொண்டார்.

தம்பி, ஒப்பம் வைத்து அனுப்பு. மனமில்லையென்றால் வெறுங்கையோடாவது வா. அவர் உன்னைக் குறை சொல்லமாட்டார். நான்தான் சொல்லுவேன். கேட்டுவிட்டுப் போ.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். முதுமையில் நோகிறதென்று வாய்விட்டுக் கத்த, உன் மகன் வீட்டில் உனக்கு இடமிருக்கட்டும்.

உன் காக்கா,
முஹைதீன்